கனகாவின் இடது காது

மார்ச் 3
விமானம் இறங்கும்போது சக்கரக் கால்களை வெளியே நீட்டும். அந்தக் கால்களில் காற்று மோதித்தான் பாதி இரைச்சல். அதைக் குறைக்க எங்கள் ஒரகடம் கம்பெனி துளைபோட்ட உறை செய்கிறது. நானும் கனகலட்சுமியும் ராட்சத ஃபேனை ஓட்டி, மாதிரிக் காலுக்கு உறையை மாட்டிச் சத்தம் அளக்கிறோம். இருவரும் சங்கரன்கோவில் பக்கம், இங்கே ஒரே அறை. இருவரும் கான்ட்ராக்ட். நிரந்தர வேலை ஒன்றுதான் வருகிறதாம்.

மார்ச் 11
இரைச்சலுக்கு நாங்கள் போடும் காது மூடி இரண்டில் ஒன்று உடைந்துவிட்டது. "புதுசு வர்ற வரிக்கும் பஞ்சு வச்சிக்கினு ஓட்டுங்கம்மா, ரிப்போர்ட் அனுப்பணும்" என்றார் சூப்பர்வைசர் ஜீவானந்தம். மிச்சமிருப்பதை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்றாள் கனகா. தலைவலி என்று சொல்லி நானே வைத்துக்கொண்டேன். தலைவலி இல்லை.

மார்ச் 29
புது மூடி இன்னும் வரவில்லை. ஃபேனுக்கு இடது காதைக் காட்டி உட்காருகிறவள் அவள்தான். "இடது காதுல ஒண்ணுமே கேக்கலட்டி" என்று அழுதாள். யாரிடமும் சொல்லாதே என்றாள்.

ஏப்ரல் 16
நாளை காதுப் பரிசோதனை. ஹெட்போனில் ஒலி வந்தால் விரலைத் தூக்க வேண்டும். அதே நேரம் நர்ஸின் மெஷினில் பச்சை விளக்கு எரியும். அவளுக்கு அடுத்து என் முறை என்பதால் நானும் நர்ஸ் அருகில் இருப்பேன். விளக்கு எரியும்போதெல்லாம் நான் பின்னலைத் தொட வேண்டுமாம்; பரிசோதனை அறைக் கண்ணாடி வழியே பார்த்து அவள் விரல் தூக்குவாளாம். சரி என்றேன். எனக்குப் பிடிக்குமென்று கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

ஏப்ரல் 17
தொடவில்லை.

ஏப்ரல் 18
நேற்று இடது காது தொடங்கியதும் என் கையையே பார்த்தாள். விளக்கு எரிந்தது, அணைந்தது. ஆறு தடவை. கையை மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு அவளாகவே விரலைத் தூக்கினாள் — விளக்கு எரியவில்லை. நர்ஸ் சிரித்துவிட்டார்.
ஏன் செய்தேன்? பயமா? பயமெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு அந்த வேல வேணும், அவ்வளவுதான்.
நர்ஸ் என்னையே கவனித்தார் என்று அவளிடம் சொன்னேன். "விடுட்டி, உனக்கும் வேல போயிருக்கும்லா" என்றாள்.

ஏப்ரல் 30
அவளை நிறுத்திவிட்டார்கள். சின்ன வயதிலிருந்தே காது மந்தம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

ஜூன் 9
நிரந்தரம் ஆகிவிட்டது. புது உறையில் இரைச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறதாம். கேக் வெட்டினார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 21
கனகாவின் அம்மா பூமாரி போன் செய்தார். "நீ ஒருத்திதான் கடைசிவரைக்கும் தொணைக்கு நின்னியாம்லா, தெனமும் சொல்லுதா. அங்க கூட்டிப் பெருக்குத வேல இருந்தாலும் கேட்டுச் சொல்லு தாயி."
கேட்டுச் சொல்கிறேன் அத்தை என்றேன்.
யாரிடமும் கேட்கவில்லை. மாலையில் அறைக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். கனகாவின் கட்டிலைக் காட்டிவிட்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பினேன்.