திருவிழா நோட்டீசின் மறுபக்கம்

1943 ஆனி, வெள்ளிக்கிழமை

எங்கள் கலைப் பத்திரிகையின் அட்டைப்படம் இன்று உரும்பிராயில் வீடு வீடாகப் போய்விட்டது. பத்திரிகை போகவில்லை.

படம் நண்பன் செல்லையா வரைந்தது. கிணற்றில் தானே அள்ள அனுமதியில்லாத ஒருத்தி, யாராவது வார்ப்பார்களா என்று வெறுங்குடத்தோடு நிற்கிறாள். அட்டை அச்சாகி முடிந்த பிறகுதான் அச்சக முதலாளி கந்தையா அண்ணை அதைக் கவனித்தார்.

"கோயில் வேலை செய்யிற மெசின், தம்பி. உந்தப் படத்தை வெளியிலை விடமாட்டன்" என்று தாள்களைத் தானே வைத்துக்கொண்டார். இதழ் அதோடு நின்றது.

இன்று அதே தாள்களின் பின்பக்கத்தில் கோயில் திருவிழா நோட்டீஸ் அடித்து ஊருக்குக் கொடுத்திருக்கிறார். நேரே போய்க் கேட்டேன்.

"சண்டைக்காலத்திலை கடதாசிக்கு நான் எங்கை போறது? ஒரு பக்கம் சும்மாதானே கிடந்தது" என்றார்.

இதைச் சொன்னதும் செல்லையா விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது அம்மா நோட்டீஸைத் திருப்பி விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிணத்துக்கட்டு ஒரு மூலையிலை உடைஞ்சிருக்கு. உது எங்கடை கிணறெல்லோ?" என்றார்.

ஓம் என்றேன்.