பாதிப் படியில் சரிந்த பீரோ

என் வீட்டுக்காரருக்கு வணக்கத்துடன் எழுதுவது. கண் எரிச்சல் தணிந்ததா? நான் சுகம்.

நான் சமைக்கும் வீட்டில் மாடியில் புது அறை கட்டுகிறார்கள். நேற்று அங்கிருந்த பீரோவை இறக்கினார்கள். உள்ளே இருப்பதை முதலில் எடுக்கச் சொன்னேன்.

"சமையக்காரிக்கு இங்க என்ன வேலை? அப்படியே தூக்குங்கடா" என்றான் மேஸ்திரி.

பாதிப் படியில் கதவு திறந்துகொண்டது. பீரோ சரிந்து, கீழே பிடித்திருந்தவன் காலை நசுக்கியது. அவன் அலறினான். மேஸ்திரி பீரோவைத் தூக்காமல், "வாய மூடுடா" என்று அவன் முகத்தில் மிதித்தான். படிக்கட்டுச் சுவரெல்லாம் ரத்தம். பக்கத்தில் கிடந்த பலகையை எடுத்து மேஸ்திரி மண்டையில் ஒன்று போட்டேன். பலகைதான் உடைந்தது, மண்டைக்கு நாலு தையலோடு சரி. மிதிபட்டவன் கால் பிழைத்துவிடுமாம்.

"மேஸ்திரிகிட்ட மன்னிப்பு கேளுங்கம்மா. இல்லன்னா கிளம்புங்க" என்றார் முதலாளி.

"மிதிபட்டவன்கிட்ட அவன் கேக்கட்டும். அப்புறம் நான் கேக்கறேன்" என்றேன். அவன் கேட்கவில்லை.

சனிக்கிழமை வரை சமைத்துக் கொடுத்துவிட்டு, ஞாயிறு காலை வண்டியில் வருகிறேன். மணிக்கட்டு லேசாக வீங்கியிருக்கிறது, தைலம் வாங்கி வையுங்கள். பெட்டி தூக்க நீங்களே வாருங்கள், வேறு யாரையும் அனுப்ப வேண்டாம். உலை கொதிக்கிறது, நிறுத்துகிறேன். பேத்தியிடம் வேலை போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள். பாட்டி வேலையை விட்டுவிட்டாள் என்று சொல்லுங்கள்.