பதினொரு ஒன்றுகள்

என் அருமை மாப்ளே,

நீ போய் ஒரு வருஷமாகிவிட்டது. உனக்கு ஒரு சேதி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவனெல்லாம் ஒரு மாப்பிள்ளையா?

மில் மூடி நாம் இருவரும் வேலையில்லாமல் உன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, உன் மகள் செல்வியின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டப் போய்த்தானே இது ஆரம்பித்தது? ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதி, எந்த எண் இதை மீதியில்லாமல் வகுக்கும் என்று தேடினோம். 239 வகுத்தது, ஈவு 4649. இரண்டையும் ஏழின் இருமடங்கான பதினாலால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது என்று கண்டுபிடித்தவன் நீ. அப்படியானால் பதினொரு ஒன்றுகளுக்கு, இருபத்திரண்டால் வகுத்து ஒன்று மிஞ்சும் எண்களை மட்டும் போட்டுப் பார்த்தால் போதும் என்றாய். அது சரிதான் என்று பிறகு செல்வியின் காலேஜ் வாத்தியாரும் சொன்னார்.

"உடையும் மச்சான்" என்றாய். "உடையாதுடா, அது பகா எண்" என்றேன். தோற்றவன் குடும்பமே சாப்பிட உட்காரும்போது எழுந்து நின்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. பத்தாயிரத்தைத் தாண்டுவதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

உன் காரியத்தன்று யாரோ, "விடுங்கண்ணே, எதிர்ல ஆளே இல்ல. நீங்க ஜெயிச்ச மாதிரிதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நீ செத்ததால் நான் ஜெயிப்பதா? விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

"மாமா, பிரவுசிங் சென்டர்ல தட்டுனா ஒரு நொடில சொல்லிடும்" என்றாள் செல்வி.

"நானும் உங்கப்பாவும் கையால போட்ட கணக்கும்மா. கையாலதான் முடியணும்."

இப்போது சாரம் பகுதியில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலைக்கு இருக்கிறேன். வியாபாரம் ஓய்ந்த நேரமெல்லாம் வகுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டில் உட்கார்ந்து வகுத்தேன். என் தங்கச்சி, அதான் உன் வசந்தா, "அண்ணே, பைத்தியம் புடிச்சுக்கப் போவுது" என்று காபியை வைத்துவிட்டுப் போவாள். மீதி வரும்போதெல்லாம் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், என் கட்சிதானே பலப்படுகிறது? ஆனால் உடைந்து தொலையேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

போன வாரம் 21649-இல் மீதியே வரவில்லை. நம்பாமல் ஈவை, 513239-ஐ, திருப்பிப் பெருக்கினேன். பதினொரு ஒன்றுகளும் வரிசையாக வந்து நின்றன. ஆணி வாங்க வந்தவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் அழுதேன்.

நேற்று உனக்கு வருஷப் படையல். வைத்திக்குப்பத்தில் வஞ்சிரம் வாங்கி, உனக்குப் பிடித்த மாதிரி குழம்பு. எல்லோரும் இலையில் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன்.

"மாப்ள சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன்."

வசந்தா கரண்டியும் கையுமாக உன் படத்தின் பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சா? எங்கண்ணன் தோத்துடுச்சாம்" என்று சொல்லிச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பதிமூன்று ஒன்றுகள் டீ ஆறுவதற்குள் உடைந்துவிட்டன. நடுவில் இருப்பவை பார்த்ததுமே உடைகிறவை, அடுத்தது பதினேழு. இதுவும் உடையாது என்றுதான் சொல்வேன், வேறு எப்படிச் சொல்வேன்? உன் பங்குக்கும் நானே வகுக்கிறேன். என் ஆயுசு போதாவிட்டாலும் பாதியில் வைக்கமாட்டேன். செல்வி எடுத்துக்கொள்வாள், கையால்தான் போடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

மறுபடியும் உன்னிடம் தோற்கத் தயாராக இருக்கும்,
உன் மச்சான்