பாலில் கிடக்கும் பல்

அபிஷா அப்பாவுக்கு,

நீங்கள் ஆசையாகச் செய்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தை, "கல்லு மாதிரில்லா இருக்கு" என்று நான் சொன்னதற்காக இரண்டு நாளாக என் போனையே எடுப்பதில்லை. அதனால் இந்தச் சீட்டு. பயப்படாதீர்கள். அந்த முந்திரிக்கொத்தைக் கடித்து என் முன்பல் வேரோடு விழுந்துவிட்டது!

பள்ளிக்கூடத்து முதலுதவி வகுப்பில் சொன்னபடியே செய்துவிட்டேன். வேரில் கை படாமல் எடுத்து, தேய்க்காமல் லேசாக அலசி, ஒரு தம்ளர் பாலில் போட்டிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் போனால் திரும்பப் பொருத்திவிடலாமாம். எதிர்வீட்டு எஸ்றா அண்ணாச்சி ஆட்டோவோடு வாசலில் நிற்கிறார். அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், விசில்தான் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தம்ளரைப் பையப் பிடி தாயி, சிரிச்சே பாலக் கொட்டிராத" என்கிறார்.

நாலு மணிக்குக் குருவானவர் வருகிறார். வீட்டில் இருந்த பாலெல்லாம் பல்லுக்கே போய்விட்டது, கடுங்காப்பி கொடுங்கள். முந்திரிக்கொத்தை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள், அவருக்குப் பல்செட். ஜெபம் முடிந்ததும் சமாதானபுரத்துப் பல் டாக்டரிடம் வந்து சேருங்கள். கோபத்தோடு வந்தாலும் சரி.

சாலோமி

பின்குறிப்பு: டப்பாவில் ஆறு குறையும். எலியைச் சந்தேகப்படாதீர்கள். நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து ஐந்தை ருசித்துத் தின்றுவிட்டு, ஆறாவதைக் கடித்தபோதுதான் பல் விழுந்தது.