மல்பெரி மரத்து மைனாவின் விசில்

எல்யோரோட அப்பாவுக்கு,

பக்கத்து மொஹிரா வீட்டுல பண்டிகைக்கு முளைக்கோதுமைச் சுமலாக் கிண்டப் போறேன். நேத்து கிண்டினதுலயே தோள்பட்டை விட்டுப்போச்சு. ஆனா அண்டாவை நடுவுல விட்டுட்டு வர முடியாது, அடிபிடிச்சுடும்.

ரொட்டி துணியில சுத்தியிருக்கு. சூப்பைச் சூடு பண்ணிக்குங்க, பிள்ளைக்கும் எடுத்து வையுங்க.

எல்யோர் ரயில் இன்னிக்கு மூணு மணிக்கு. வந்தா எப்பவும்போல வாசல்ல நின்னு விசில்தான் அடிப்பான். மல்பெரி மரத்து மைனாவும் அதே விசிலைத்தான் அடிக்குது. நேத்து நாலு தடவை ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஏமாந்துட்டு, "இனிமே எவன் விசிலடிச்சாலும் எந்திரிக்க மாட்டேன்"னு என்மேல பாய்ஞ்சீங்க. நல்லாக் கேளுங்க. மைனா விசிலடிச்சு முடிச்சதும் கரகரன்னு இழுக்கும். நம்ம பிள்ளை இழுக்க மாட்டான்.

அவன் கிளம்புனப்ப நீங்க "போறவன் அப்படியே போயிடு"ன்னு சொன்னதை மட்டும் இன்னிக்கு மறுபடி எடுக்காதீங்க. எனக்குத் தெம்பில்ல.

— மவ்லூதா

ஓரத்துல எழுதறேன், இடமில்ல: அவன் ரஷ்யா போய் ரெண்டு வருஷம். அந்த மைனா நம்ம கூரையில குஞ்சாப் பொரிஞ்சதே போன வருஷம்தான், அவன் விசிலை அது கேட்டதேயில்ல. தோட்டத்துல தனியா உக்காந்து அந்த விசிலை அடிச்சுக்கிட்டிருந்தது யாருன்னு எனக்குத் தெரியும். போய்க் கதவைத் திறங்க.