அந்தச் செப்டம்பரில் அப்பா ஆடாத ஆட்டம்

அயோவா,
ஜனவரி 1966

அன்புள்ள லோர்னா கண்ணு,

நானும் அப்பாவும் சுகம், அலாஸ்காக் குளிரில் நீ உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். பேஸ்பால் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு அப்பாவைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்தபோது அவர் பன்றிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார், நான் பனியில் ஓடிப்போய்க் கூப்பிட்டேன், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து போனில் "சரிங்க, ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வெர்ல் மாமா கூப்பிட்டார், மைதானத்தின் நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நின்று அத்தனை வருஷம் முதல் பேஸில் நின்ற அப்பாவுக்குப் பந்தை எறிந்தவர் அல்லவா, "டேய் கொக்கு, நான் எறிஞ்ச கண்றாவியெல்லாம் நீ மண்ணுலேருந்து பொறுக்கினதாலதான்டா என்னையும் ஆட்டக்காரன்னு நாலு பேர் சொன்னாங்க" என்று சொல்லி அழுதாராம். உண்மைதான். அப்பா அடித்த ஹிட்டுகளைப் பத்திரிகைகள் எழுதும், ஆனால் ஒரு காலைப் பேஸில் ஊன்றி மற்றதை நீட்டி அவர் பிடித்த பந்துகள் எத்தனை பேருடைய மானத்தைக் காப்பாற்றின, கோணலாக எறிந்தவனை ஒருநாளும் முறைத்ததில்லை.

நீ போனில் வாழ்த்திவிட்டு, "விழாவுக்கு நான் வரலம்மா, வந்தா அந்தப் பழைய கதையத்தான் எழுதுவாங்க" என்றதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. உனக்கு ஆறு வயதில் போலியோ வந்து மூச்சு இயந்திரத்துக்குள் கிடந்தாய். அணி பட்டத்துக்குப் போட்டியிட்ட செப்டம்பர் கடைசி வாரம், "இப்பப் போனா திரும்பி வராத" என்று மேனேஜர் கத்த, அப்பா ரயிலேறி வந்துவிட்டார். அணி ஓர் ஆட்ட வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தது, ஓடிப்போனவன் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினார்கள், அதைச் சொல்லியே பல வருஷம் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவருக்கு ஓட்டுப் போடாமல் இருந்தார்கள். அதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு எல்லாம் உன்னால்தான் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாய்.

நேற்று ஒரு பத்திரிகைக்காரர் வந்து அதையேதான் கேட்டார், அந்த வாரம் ஆடாமல் போனதற்கு வருத்தமில்லையா என்று. அப்பா அவரை நிமிர்ந்து பார்த்து, "அந்த வாரந்தான் எம்பொண்ணு இயந்திரம் இல்லாம தானா மூச்சு விட்டா. நீங்க எந்த ஆட்டத்தப் பத்திக் கேக்குறீங்க?" என்றார். அந்த ஆள் நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதில் இருந்த பெருமை நேற்று இன்னும் கூடிப்போனது.

விழா ஜூலையில், இப்போதே லீவு எழுதிக் கொடு. பனியில் கைத்தடி இல்லாமல் நடக்காதே, கம்பளிச் சாக்ஸ் தனியாக அனுப்புகிறேன். கடவுள் உனக்குத் துணையிருப்பார். இன்னொன்று, போன் என்றாலே ஒதுங்கி ஓடும் அப்பா இன்று காலை தானாகவே விழாக்காரர்களைக் கூப்பிட்டார். பேச்சைப் பற்றியோ பதக்கத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. தன் மகளுக்கு இடது கால் கொஞ்சம் வராது, மேடைப் படிக்குக் கைப்பிடி உண்டா என்று மட்டும் கேட்டார்.

என்றும் உன் அம்மா,
வெர்னா ட்ரெஸ்லர்