ஸ்டெல்லாவை ஒப்புக்கொள்ள வைத்த படம்

14 ஜூலை 2015, செவ்வாய்

விழுப்புரத்தில் இன்று ரிப்போர்ட் கிடைத்தது.

ஸ்டெல்லாவின் நுரையீரல் கட்டியிலிருந்து முதலில் எடுத்த சதை மரபணு சோதனைக்குப் போதவில்லை. "மறுபடியும் நெஞ்சுல ஊசி குத்திக்க மாட்டேன்" என்றாள். நானும் எங்கள் மகளும் எவ்வளவோ கெஞ்சினோம். கடைசியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தை அவளுக்கே காட்டினார்.

"கட்டியைச் சுத்தி மங்கலா இருக்கு பாருங்க. இந்த மாதிரி இருந்தா ஒரு மரபணு மாற்றம் இருக்கலாம். அதுக்கு மாத்திரை இருக்கு. ஆனா படத்தை மட்டும் நம்பித் தர முடியாதும்மா."

ஸ்டெல்லா படத்தையே வெகுநேரம் பார்த்தாள். "சரி, குத்துங்க" என்றாள்.

படத்தில் தெரிந்தது சரிதான். இன்றைய ரிப்போர்ட்டில் அந்த மாற்றம் இருக்கிறது. நாளையிலிருந்து தினம் ஒரு மாத்திரை. நோய் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, கட்டுப்படும் என்றார். எனக்கு அதுவே போதும்.

என் பீடிப் புகையால் வந்ததா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை.

திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது, வறுத்த மல்லாட்டை வாங்கச் சொன்னாள். அவளாக எதையாவது கேட்டுச் சாப்பிட்டு ஒரு மாதமாகிறது.

"என்னா யோசிச்சிக்கினு வர்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

கடலைத் தோலை ஊதிவிட்டுப் பாதியை என் கையில் கொட்டினாள்.